கோயில் அண்டாவும் அக்காவின் கல்யாணச் சோறும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் அண்டாவுக்குள் உட்கார்ந்து அதன் அடியைத் தேய்த்தவள் நான். பெரியவர்களின் கை அடிவரை எட்டாது. அதனால் திருவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் சாதியார் குடியிருந்த வரிசை வீடுகளான கீழ் லயத்திலிருந்து சிறுமி ஒருத்தியை உள்ளே இறக்கிவிடுவது வழக்கம். சில வருடங்கள் அந்தச் சிறுமி நான்தான். புளியும் சாம்பலும் வைத்து, கால் வழுக்க வழுக்கத் தேய்ப்பேன். மறுநாள் மாரியம்மனுக்கு அதில் பொங்கல் பொங்கும். எங்களைத் தள்ளி நிற்கவைத்து இலையில் எட்டிப் போடுவார்கள்.

பதுளையில் வாங்கிய அந்தப் பித்தளை அண்டாவை பஸ் நிற்கும் இடத்திலிருந்து மலைமேல் சுமந்து வந்ததும் அப்பாவும் கீழ் லயத்து ஆண்களும்தான். சுமக்கலாம், கழுவலாம், எங்கள் சோறு மட்டும் அதில் வேகக் கூடாது. இது என்ன நியாயமோ! மேல் லயத்தில் யார் வீட்டு விசேஷத்துக்கும் அண்டா போகும். தோட்டத்து ஆட்களையும் கோயிலையும் தன் பொறுப்பில் வைத்திருந்த பெரிய கங்காணியின் மகள் வயதுக்கு வந்தபோது அவளைக் குளிப்பாட்டவே அதில்தான் வெந்நீர் போட்டார்கள். அதெல்லாம் தீட்டில்லையாம்.

அக்காவுக்கு மடுல்சீமையில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் வீட்டில் வாய் கொஞ்சம் நீளம். பந்தியில் குறை வந்தால் மகள் காலமெல்லாம் சொல்லடி படுவாளே என்று அம்மாவுக்குக் கவலை. அப்பா கங்காணியின் வாசலில் போய் நின்றார், கூட நானும்.

“ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க ஐயா. வெளக்கிக் கொண்ணாந்து வச்சிர்றேன்.”

“சாமிக்குப் பொங்குற அண்டாவுல ஒங்க வீட்டுச் சோத்த ஆக்குறதா? கேக்க ஒனக்கு எப்புடிடா வாய் வந்துச்சு?”

அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் மண்ணெண்ணெய் டின்களைக் கழுவி அவற்றில்தான் சோறாக்கினார்கள். எவ்வளவு கழுவியும் வாடை போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்ததும் இலையை மூடினாள். “ஒரு அண்டாவுக்குக்கூட வக்கில்லாத எடத்துல பொண்ணெடுத்தோமே!” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். மணையில் இருந்த அக்கா நிமிரவே இல்லை.

அடுத்த திருவிழா வந்தது. கங்காணி ஆளனுப்பினார்; அப்பா என்னைக் கூட்டிப்போனார். தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் அண்டாவை வைத்துக்கொண்டு, “எறங்கு புள்ள” என்றார் கங்காணி. நான் அசையவில்லை.

“என் காலு பட்டா தீட்டில்லையா?”

“அதான் பெறகு மஞ்சத் தண்ணி தெளிச்சிருவோமே.”

“அக்கா கல்யாணத்துக்குக் குடுத்துட்டும் தெளிச்சிருக்கலாமே!”

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடித்தவர் கங்காணி இல்லை, அப்பா. என்னைத் தூக்கி அண்டாவுக்குள் இறக்கும்போது குனிந்து காதருகே சொன்னார்: “இவுக தோட்டத்த விட்டுத் தொரத்துனா, பிரஜாவுரிமையும் இல்லாத நாம எங்கடி போறது?” நான் அழுதுகொண்டே தேய்த்தேன்.

அண்டா பளபளத்தது. “ஒம் மக கெட்டிக்காரிதான்டா” என்றார் கங்காணி. அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்த அறையை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அவரை அப்படிச் சிரிக்கவைத்தவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை.