அது மேலிடம் தீர்மானிக்கும்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு பெண் தன் உயிருக்கான படகை விட்டுக்கொடுத்தாள். பெயர் திரேசா. ஊர் எழுவைதீவு. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காரணங்களைப் பிறகு அடுக்குகிறேன். உத்தியோகத்தனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்!

நான் திட்டமிடல் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். அந்த வருடம் எழுவைதீவுக்கென்று வந்த ஒதுக்கீட்டுக்கு இரண்டு வேலைகள் போட்டியிட்டன. ஒன்று இணையக் கோபுரம். மற்றது, சமூக சேவைப் பிரிவு கேட்டிருந்த நோயாளர் படகு. வாரத்தில் இரண்டு நாள், நோயாளிகளைக் கட்டணமில்லாமல் எதிர்க்கரை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், எத்தனை மணியானாலும் காத்திருந்து திருப்பி ஏற்றிவரும் படகு. இரண்டுக்கும் நிதி போதாது. எதை வெட்டுவது என்று மக்களிடமே கேட்டு எழுதிவரும்படி அதிகாரி என்னை அனுப்பினார். கோபுரமென்றால் திறப்புவிழா வைக்கலாம்... அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. என் இடமாற்ற விண்ணப்பம் அப்போது அவருடைய மேசையில் கிடந்தது.

சனசமூக நிலையத்தில் கூட்டம். படிவத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். முதலாவது, நோயாளர் படகு. இரண்டாவது, “தீவகக் குடும்பங்களுக்கு வலையமைப்பு வசதி.” இன்ரநெற் என்று சொல்லியிருந்தால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். ஆனால் அலுவலகத் தமிழ் எங்களுக்கு வாயில் ஊறிப்போனது. அதற்கு முந்தைய மாதம்தான் இழுவைப் படகுகள் வந்து அந்தக் கரையின் வலைகளை அறுத்துக்கொண்டு போயிருந்தன. அவர்கள் காதில் ‘வலை’ மட்டும் விழுந்தது. மிச்சம் காற்றோடு போய்விட்டது.

அதுவரைக்கும் அது வெறும் பிழை. அதற்காக நான் உங்கள் முன் வந்து நிற்கவில்லை.

அருளப்பு அண்ணை எழும்பினார். திரேசா அக்காவின் புருசன்.

“தம்பி, என்ன கண் வலை தருவினம்? எங்கட கடலுக்கு ரண்டு அங்குலக் கண்தான் சரிவரும்.”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது மீன்பிடி வலை இல்லை அண்ணை என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கூட்டம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். கைகள் படகுக்கு உயரும். நான் திரும்பவேண்டிய கடைசிப் படகு புறப்பட அரை மணித்தியாலம்தான் இருந்தது. என் விண்ணப்பம் மேசையில் இருந்தது...

“அது மேலிடம்தான் தீர்மானிக்கும் அண்ணை” என்றேன்.

இதுதான் அந்தப் பொய். எவ்வளவு மரியாதையான பொய் பாருங்கள்!

திரேசா அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். முடிந்து ஊர்காவற்றுறைக்கு வந்து சேர, எழுவைதீவுக்கான கடைசிப் படகு போய்விட்டிருக்கும். அன்றிரவு யார் வீட்டிலாவது ஒதுங்க வேண்டும். நோயாளர் படகு என்று படிவத்தில் எழுதியிருந்ததே முக்கியமாக அவளைப் போன்றவர்களுக்காகத்தான். அவள் முன்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். படகுக்கு யார் கை உயர்த்துகிறீர்கள் என்று கேட்டபோது அவளுடைய கை பாதி உயர்ந்தது. பிறகு புருசனைப் பார்த்தாள். கையை இறக்கினாள்.

“என்ர பாட்டை நான் எப்பிடியும் பாத்துக்கொள்ளுவன். இவருக்கு வலை வரட்டும், தம்பி. அதையே எழுதும்.”

எழுதினேன். ‘மக்கள் ஏகமனதாக’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்!

கோபுரம் வந்தது. நாடா வெட்டினார்கள். எனக்கு இடமாற்றமும் வந்தது. கோபுரம் வேறு, வலை வேறு என்றே அந்தச் சனம் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. இணையம் கூடாதென்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்குகிற உரிமை அவர்களுக்கு இருந்தது. நான் அவர்களைக் கேட்கவேயில்லை என்பதுதான் விசயம்.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் கடல் குழம்பியது. திரேசா அக்கா சிகிச்சைக்கு ஒருமுறை போனாள், ஒருமுறை விட்டாள். பிறகு இரண்டு முறை விட்டாள். உடம்பு வீங்கி, மூச்சு முட்டி, வீட்டிலேயே இறந்தாள். படகு இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. அந்தத் தெரியாது என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை நாள் ஒளிந்திருந்தேன் தெரியுமா?

செத்த வீட்டுக்குப் போனேன். அருளப்பு அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கிழமையிலும் அவள் வலை வந்துவிட்டதா என்று கேட்டாளாம். வலை கொடுக்கிற பட்டியலில் தன் பெயர் இருக்கிறதுதானே என்று அவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது என்றேன். பிணத்தை வைத்துக்கொண்டும் அதையே சொன்னேன்.

நீங்களே ஒரு வலை வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கடைவரை போயிருக்கிறேன். ஆனால் கொடுத்தால் அவர் எனக்கு நன்றி சொல்வார். திரேசாவின் படத்துக்கு முன்னால் அந்த வலையை விரித்துக் காட்டுவார். அதை நின்று பார்க்க என்னால் ஏலாது. உண்மையைச் சொல்லவும் ஏலாது. கோழை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அவர் அழைத்தார், வீடியோவில். முன்பெல்லாம் எழுவைதீவிலிருந்து அழைத்தால் பாதிச் சொல் அறுந்துபோகும். இப்போது பக்கத்தில் நின்று கதைப்பதுபோல இருக்கிறது. பழைய வலையைத் தூக்கிக் காட்டினார். பொத்தல் பொத்தலாக... ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது.

“அவள் கேட்டுத் தந்த வலை, தம்பி. எப்ப வருமாம்?”

“மேலிடத்தில கேட்டுச் சொல்லுறன் அண்ணை” என்றேன்.

படம் ஒருதரம்கூட நிற்கவில்லை. அவர் என் முகத்தைத் தெளிவாகப் பார்த்துத் தலையாட்டினார்.