மிச்சம் வந்த அறுபத்திரண்டு ரூபாய்

இந்த ஊர் மளிகைக் கடையில் முட்டை வாங்கப் போனால், கடைக்காரர் உள்ளூர் வாரப் பத்திரிகையில் அதைச் சுற்றிக் கொடுப்பார். விஸ்கான்சினுக்கு வந்த முதல் மாதத்தில், அப்படி ஒரு தாளைப் பிரித்தபோது என் கண்ணில் பட்டது பள்ளிக்கூடத்துக் கணக்கு. அடுப்புக்கு விறகு இவ்வளவு, ஜன்னல் கண்ணாடி ஒன்றுக்கு இவ்வளவு என்று வரிசையாகப் போட்டு, நடுவில் மிஸ் டோரதி என்ற ஆசிரியையின் பெயரையும் அவளுடைய சம்பளத்தையும் டாலர், சென்ட் சுத்தமாக அச்சடித்திருந்தார்கள். பக்கத்துப் பத்தியில் பன்றி விலை. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துக் கூச்சமாகப் போய்விட்டது. யாரோ அவளை அவமானப்படுத்தத்தான் இப்படிப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி, தாளை நாலாக மடித்து ஒளித்து வைத்தேன். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் ஓல்சன் அதைப் பார்த்துவிட்டு, "அதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?" என்று கேட்டாள். கணக்கில் தப்பு கண்டுபிடித்து நான் புகார் எழுதப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். இல்லை, வெட்கமாக இருக்கிறது என்றேன். யாருக்கு வெட்கம், எதற்கு வெட்கம் என்று அவளுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் வியாபாரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்தவள். பெயர் செல்லக்கனி. தகப்பனாருக்குக் கருப்பட்டிக் கடை. சுதந்திரம் வந்த மறு வருஷம், இங்கே உள்ள ஒரு ஆசிரியர் கல்லூரி இடம் கொடுத்துக் கூப்பிட, கப்பல் ஏறி வந்தேன். தங்கவும் சாப்பிடவும் கல்லூரி கொடுக்கிறது. கப்பல் டிக்கெட் வாங்கிக் கொடுத்தது எங்கள் ஊர் மிளகாய் வத்தலும் பருத்தியும் கருப்பட்டியும்தான். இதை நான் இங்கே சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். "உங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், மகாராஜாவா?" என்று ஒருமுறை பால்பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். மிளகாய் மூட்டை கொடுக்கிறது என்றேன். நல்ல வேடிக்கைக்காரி என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னது முழு நிஜம். எங்கள் ஊரில் மகமை என்று ஒன்று உண்டு. வியாபாரிகள் சரக்கு எடுத்தாலும் விற்றாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று தாங்களாகப் பேசி முடிவு செய்து பொதுவில் கட்டுகிற பணம் அது. ஆசிரியைகளின் சம்பளத்தில் ஒரு பங்கு சர்க்கார் கிராண்டாக வரும். மீதிச் சம்பளம், கூரை ஓலை, கரும்பலகைக்குக் கறுப்பு எல்லாம் மகமையில்தான் நடக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, வரவு செலவை உரக்க வாசிப்பார்கள். மகமை கொடுத்தவர் யாராக இருந்தாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். கொடுக்காதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் வழக்கம்.

நான் தலைமையாசிரியையான முதல் வருஷம் உலகச் சண்டைக் காலம். துறைமுகத்தில் கப்பல் வருவது குறைந்து, சரக்கு அடுக்கும் கிட்டங்கிகள் பாதி காலியாகக் கிடந்தன. மூட்டை குறைந்தால் மகமையும் குறையும். அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மீதே ஆத்திரம் வருகிறது. வருஷக் கடைசியில் பள்ளிச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் அறுபத்திரண்டு ரூபாயை மிச்சம் பிடித்து, ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, பள்ளியை நடத்தும் வியாபாரிகள் கமிட்டியின் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரன் மகள் இல்லையா? பெட்டியில் மிச்சம் இருந்தால் அது கெட்டிக்காரத்தனம் என்று பார்த்து வளர்ந்தவள். செயலாளர் வாயாரப் புகழ்ந்தார். தகப்பனார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் கமிட்டியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மிச்சம் வரும் அளவுக்குப் பள்ளி நடப்பதால், இந்த நெருக்கடியில் எட்டாம் வகுப்பை நிறுத்திவிடலாம் என்றும், அதற்குரிய ஆசிரியை இனித் தேவையில்லை என்றும், கணக்கு வாசிக்கும் நாளில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போவதாகவும் எழுதியிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் பதினோரு பெண்கள் படித்தார்கள். அந்த வகுப்பை முடித்தால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம். முடிக்காவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அந்த ஆசிரியை செசிலி. கடற்கரைத் தெருப் பெண். அவளுடைய தகப்பனார் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். சண்டையில் தோணிகள் கரையேறிய பிறகு, அந்த வீட்டில் ஆறு பேர் சாப்பிட்டது செசிலியின் சம்பளத்தில்தான்.

கடிதத்தைச் செசிலியிடம் காட்டினேன். அவள் அழவில்லை. படித்துவிட்டு மடித்து என் மேஜையில் வைத்தாள்.

"டீச்சர், எங்கம்மாவுக்கு வைசூரி கண்டு நான் மூணு மாசம் சம்பளமில்லாம லீவுல கெடந்தேன்லா? அந்த மூணு மாசத்தத்தான மிச்சம்னு எழுதியிருக்கிய? நான் இல்லாமலே பள்ளிக்கூடம் நடக்கும்னு நீங்களே கணக்கு காட்டிப்புட்டியளே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த மூன்று மாதமும் நாங்கள் மற்ற இரண்டு பேரும் தொண்டை வற்றக் கத்தி அவளுடைய வகுப்பையும் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் எடுக்கும் பொம்பளையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளையே குடம் சுமக்க வைத்தேன். கூரை ஓலையை மாற்றாமல் ஒப்பேற்றினேன். சுண்ணாம்புக்கட்டியைக் கைக்காசில் வாங்கினேன். இவ்வளவும் சேர்ந்துதான் அறுபத்திரண்டு ரூபாய். கமிட்டிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? அவர்கள் கையில் இருந்த தாளில் நான்தானே இதில் ஒன்றையும் எழுதாமல் விட்டேன்.

வீட்டில் தகப்பனாரிடம் சொன்னேன். எனக்காக மண்டபத்தில் எழுந்து பேசுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"ஏளா, மிச்சம் காட்டுனவள ஊர்ல ஒருத்தன் குத்தம் சொல்லுவானா? நீயா எதுக்குப் போயித் தலையக் குடுக்க? நான் எந்திரிச்சி, எம்மவ கணக்குத் தப்புன்னு என் வாயால சொல்லணுமோ?"

அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்துவிட்டது. கணக்கு வாசிக்கும் நாள் காலையில் தகப்பனார் கடைக்கே போய், ரொக்கம் கொடுத்து ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்கினேன். வீட்டுக்குத்தானே, சும்மா எடுத்துக்கொண்டு போ என்றார். இல்லை, என் பெயரில் பில் போடுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். அதைத் தெருமுனைச் சில்லறைக் கடையில் வாங்கின விலைக்கே விற்றுவிட்டு, மகமை வசூலிக்கிறவரிடம் போய் அரையணா கட்டி என் பெயருக்கு ரசீது வாங்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மண்டபத்தில் நூறு ஆண்களாவது இருந்திருப்பார்கள். எட்டாம் வகுப்புத் தீர்மானத்தைச் செயலாளர் வாசித்து முடித்ததும், வாசல் தூணருகே நின்ற நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றேன்.

"பொம்பளைங்க கேள்வி கேக்க இங்கன வழக்கம் இல்ல தாயி" என்றார் செயலாளர்.

"மகமை குடுத்தவங்க கேக்கலாம்னுதான அண்ணாச்சி வழக்கம்? இந்தா ரசீது."

ரசீது கைமாறிக் கைமாறி, முன்வரிசையில் இருந்த வத்தல் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றது. ஊரிலேயே அதிக மகமை கட்டுபவர் அவர்தான். ஒரு அணா செலவுக்கும் ஒன்பது கேள்வி கேட்பார் என்று அவரைக் கண்டாலே கமிட்டிக்குக் கிலி. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேதி இன்னைக்குல்லா போட்டிருக்கு?"

"பழைய தேதியாத்தான் இருக்கணும்னு வழக்கம் உண்டா, அண்ணாச்சி?"

மண்டபமே சிரித்தது. தகப்பனார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வத்தல் கடை அண்ணாச்சி சிரிக்காமல், "ரசீது செல்லும். கேளு தாயி" என்றார்.

"அந்த அறுபத்திரண்டு ரூவா எங்கயிருந்து வந்துச்சின்னு யாராவது கேட்டியளா?" என்றேன். பிறகு நானே ஒன்று விடாமல் சொன்னேன். செசிலியின் மூன்று மாதம், பிள்ளைகள் சுமந்த குடம், ஒழுகுகிற கூரை, எல்லாம். "அது மிச்சம் இல்ல அண்ணாச்சி. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு நான் பண்ணுன கூத்து. அதுக்கு அந்தப் பிள்ள வேலைய எடுத்துராதீய" என்று முடித்தேன்.

வத்தல் கடை அண்ணாச்சி செயலாளர் பக்கம் திரும்பி, "வேய், ஓல மாத்தாதத வரவுல வச்சிட்டு நம்மளும் சந்தோசமா இருந்திருக்கோமே" என்று எரிச்சலோடு சொன்னார். "வத்தல் மூட்டைக்குக் காலணா கூட்டிப் போடும். கப்பல் வந்த பொறவு கொறச்சிக்கிடலாம்." இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் வகுப்பை நிறுத்தும் தீர்மானம் அப்படியே விழுந்தது. எட்டாம் வகுப்பு தப்பியது. செசிலியின் வேலையும் தப்பியது. அந்த மனிதர்களுக்கு நான் எந்தக் காலத்திலும் நன்றி சொல்லித் தீர்க்க முடியாது. வியாபாரம் படுத்துக் கிடந்த நாளில், ஒரு பெண் தன் தப்பைச் சொல்ல, கேட்டுக்கொண்டு தங்கள் பையில் கைவிட்டார்கள்.

இந்த ஊர்ப் பள்ளியின் வருடாந்தரக் கூட்டத்துக்கு மிஸஸ் ஓல்சன் என்னை அழைத்துப் போனது போன கோடையில். மாலை எட்டு மணிக்கும் வெளிச்சம் குறையாத வினோதமான கோடை. பள்ளி அறையில் பெரியவர்களெல்லாம் பிள்ளைகளின் சின்ன பெஞ்சுகளில் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். வரியைப் போடுவதும் குறைப்பதும் கூடியிருக்கிறவர்கள் கையில். இங்கே பெண்களும் சரிசமமாக எழுந்து பேசுகிறார்கள். அதைப் பார்க்கவே எனக்கு மனம் நிறைந்தது. பள்ளியில் மத்தியானச் சூப் காய்ச்சும் அம்மாளுக்குக் குளிர்காலத்தில் கால் முறிந்துவிட்டது. இரண்டு மாதம் அவளுக்குச் சம்பளம் போகாததால் பணம் மீந்திருந்தது. ஆகவே இனிச் சமையல்காரி வேண்டாம், வரியைக் குறைக்கலாம் என்றார் ஒரு விவசாயி. நல்ல மனிதர்தான். மிளகாய் மூட்டைப் பேச்சுக்காக என் தோளில் தட்டிய பால்பண்ணைக்காரரும் அவர்தான்.

அந்த இரண்டு மாதமும் ஊர்த் தாய்மார்கள் முறை வைத்துச் சூப் காய்ச்சினார்கள். மிஸஸ் ஓல்சன் முறை வந்த நாட்களில் நானும் கூடப் போய் விரல் மரத்துப்போக உருளைக்கிழங்கு உரித்தேன். "சொல்லேன்" என்று மிஸஸ் ஓல்சன் என் விலாவில் இடித்தாள். நான் இந்த ஊர்க்காரி இல்லையே, வரி கட்டவில்லையே என்றேன். "நீ கொடுக்கும் வாடகையில்தானே நான் வரி கட்டுகிறேன்" என்றாள். கல்லூரி கொடுக்கும் பணத்தில் வாடகை, அந்த வாடகையில் வரி. எனக்கு அரையணா ரசீது கிடைத்த மாதிரி இருந்தது. எழுந்து, மீந்த பணம் எந்த இரண்டு மாதத்தில் மீந்தது என்று மட்டும் கேட்டேன். கிளார்க் ஏட்டைப் புரட்டி மாதங்களை வாசித்தார். அறையில் இருந்த தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்கள் பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை, அவ்வளவு வேகம். அந்த விவசாயி காது சிவக்கத் தன் யோசனையைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார்.

சமையல்காரிக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னார் சேர்மன். என்னை அறியாமல் என் கையும் உயர்ந்துவிட்டது. அவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்து, என்னிடம் வந்ததும் நிறுத்தி, மிகவும் மரியாதையாக, "மன்னிக்க வேண்டும் மிஸ், அந்தக் கையை எண்ண முடியாது" என்றார். எல்லோரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினேன். என் கை இல்லாமலே தீர்மானம் ஜெயித்தது. வீடு திரும்பும்போது மிஸஸ் ஓல்சன் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

நேற்று செசிலியிடமிருந்து ஏர்மெயிலில் கடிதம் வந்தது. இந்த வருஷம் முதல் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையும் கமிட்டியில் ஒருவர் என்று மண்டபத்தில் முடிவு செய்திருக்கிறார்களாம். நான் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் வேறு யாரையும் வைப்பதில்லை என்றும் பேசிக்கொண்டார்களாம். கடிதத்தின் கடைசியில் செசிலி, பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள்:

"ஜமுக்காளத்துக்குப் பக்கத்துல ஒங்களுக்குன்னு ஒரு நாற்காலி போட்டிருந்தாவ டீச்சர். கணக்குத் தாள் ஒவ்வொருத்தர் கையா மாறி வந்துச்சி. ஒங்க நாற்காலிகிட்ட வந்ததும் வத்தல் கடை அண்ணாச்சி அத நாற்காலி மேல வச்சாவ. நீங்க படிச்சி முடிக்க எவ்வளவு நேரம் ஆவுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தாவ. பொறவுதான் எடுத்து அடுத்த ஆளுகிட்ட குடுத்தாவ."