வடிகட்டிக்கு அடங்காத பெட்டி

புனேயின் ஔந்தில் எங்கள் எதிர் ஃப்ளாட் அம்மையாருக்குத் தடித்த கண்ணாடி, ஆண்கள் கட்டும் கைக்கடிகாரம். லாட்டரி, மருந்து என்று வரும் குப்பை மின்னஞ்சலைக்கூடக் கடைசி வரிவரை படித்துத்தான் அழிப்பார். முறை தெரிந்தவனுக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பது தண்டனை. நானே போய் அவர் மின்னஞ்சலுக்கு வடிகட்டி அமைத்தேன்.

"இனிமே தெரிஞ்சவங்க மெயில்தான் உள்ளே வரும்மா. மத்ததெல்லாம் குப்பைக்குப் போயிடும்."

"நகோ சார், வேண்டாம், எடுத்துடுங்க. சண்டை போட்டுட்டுப் போன என் பொண்ணு எந்த முகவரியிலேர்ந்து எழுதுவாளோ."

"எழுதினா குப்பையில கிடக்கும். தினமும் ஒரு தடவை தேடிப் பார்த்துக்கலாம். அதுதான் முறை."

"என் பொண்ணை நான் குப்பையில தேட மாட்டேன்."

நீக்கினேன். அதை அவரே சரிபார்த்த பிறகுதான் டீ வைக்கப் போனார். மகள் எழுதினாளா என்று கேட்கும் துணிச்சல் எனக்குக் கடைசிவரை வரவில்லை.