புத்தூர் சோடாவின் இரண்டு கூட்டாளிகள்

சித்தப்பா டூட்டி முடிந்து வரும்போது கண்டக்டர் பையைவிட அவருடைய துணிப்பைதான் கனமாக இருக்கும். அதை அவர் தரையில் வைக்கிற விதத்திலேயே உள்ளே கண்ணாடி இருப்பது சித்திக்குத் தெரிந்துவிடும். எல்லாம் பழைய கோலி சோடா பாட்டில்கள். புத்தூருக்கும் திருத்தணிக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். வழியிலிருந்த பழைய பாட்டில் வியாபாரிகள் எல்லோரும் சிநேகிதர்கள். சோடா போட்டவரின் பெயர் கண்ணாடியில் புடைத்து நிற்கிற பாட்டிலைத்தான் வாங்குவார். பிறகு அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடிப் போவார். நகரியில் ஒருவர் தறியை விற்றுவிட்டு சோடா மெஷின் வாங்கிய கதையெல்லாம் அப்படி அவர் கேட்டு வந்ததுதான்.

நான் அப்போது திருத்தணியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. புத்தூரிலிருந்து தினமும் சித்தப்பாவின் பஸ்ஸில்தான் போய்வருவேன். எல்லை பிரித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தூர் ஆந்திராவோடும் திருத்தணி மதராஸோடும் போய்விட்டன. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ஒரு பாட்டில் கிடைத்தது. ஒரு பக்கம் தமிழில் ஒரு பெயர், மறுபக்கம் தெலுங்கில் இன்னொரு பெயர்.

தமிழ்ப் பெயருக்கு உரியவர் திருத்தணி பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்தார். பாட்டிலைக் காட்டியதும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அவரும் தெலுங்குப் பெயருக்கு உரியவரும் புத்தூரில் கூட்டாகச் சோடாக்கடை நடத்தியவர்கள். எல்லைத் தகராறின்போது புத்தூர் மதராஸுக்கே என்ற மனுவில் இவரும், அதன் எதிர் மனுவில் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டு ஒரே தூக்குச்சட்டியில் சோறும் தின்றிருக்கிறார்கள். இவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது கடை வாசலெல்லாம் உடைந்த பாட்டில். தன் பெயரின் எழுத்துகள் துண்டு துண்டாகக் கிடந்ததை இவர் பார்த்தார்.

“அவன் கையில தொடப்பம். பெருக்கிக்கினு இருந்தான். ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல. அப்படியே பஸ் ஏறிட்டேன்” என்றார்.

தெலுங்குக்காரர் புத்தூரிலேயே சோடாக்கடை நடத்திக்கொண்டிருந்தார். சித்தப்பா அவரிடம் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு கோணிச் சாக்கை விலக்கினார். அடியில் ஒரு பெட்டி நிறைய அதே பாட்டில்கள். தமிழ் எழுத்தைப் பார்த்து ஒரு கும்பல் உடைக்க ஆரம்பித்தபோது, கைக்கு எட்டியதை உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார். அதை ஏன் கூட்டாளியிடம் சொல்லவில்லை என்று சித்தப்பா கேட்டார்.

“ஒடச்சது என் ஜனம்தானே. அவன் மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றது?”

வேண்டுமானால் பெட்டியை எடுத்துப் போகச் சொன்னார். சித்தப்பாவின் கை ஒரு பாட்டிலைத் தடவிக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு பெட்டி கிடைக்க அவர் எத்தனை ஊர் அலைந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். “மொதல்ல அவரு பாக்கட்டும்” என்று சாக்கை இழுத்து மூடினார்.

மறுநாளே திருத்தணிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, அடுத்த ஆளுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். பல வாரங்கள் போயின. நாங்கள் நம்பிக்கை விட்டிருந்தோம். ஒரு சாயங்காலம் நான் வீடு திரும்ப பஸ் ஏறியபோது, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். எல்லை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புத்தூரில் இறங்கி நாங்கள் மூவரும் கடைக்கு நடந்தோம். மெஷின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த தெலுங்குக்காரர் அவரைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். பின்கட்டில் சாக்கை விலக்கியதும், வந்தவர் குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மேல்துண்டால் தன் பெயரைத் துடைத்தார். திருப்பி, மற்றவர் பெயரையும் துடைத்தார்.

“கோலி எல்லாம் இருக்குதா?”

“கோலி இருக்குது ரா. நாலஞ்சுக்குக் கழுத்து ரப்பரு போயிடுச்சு. மாத்தணும்.”

இருவரும் பெட்டியைத் தூக்கி முன்னால் கொண்டுவந்தார்கள். நாட்டையும் ஊரையும் பிரித்தவர்கள் இந்தப் பெட்டியை எந்தப் பக்கம் வைத்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிக்கிறேன். அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

திருத்தணிக்குத் திரும்பும் கடைசி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்த சித்தப்பா ஓடிவந்து திருத்தணிக்காரரைக் கூப்பிட்டார். அவரோ சலவைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“நீ போ கண்டக்டரே. நான் காலையில வரேன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.