கல்லறை வாசலில் ஒரு லாட்ஜ்

நான் வேலை பார்க்கும் ஜொகூரில், கெலாங் பாத்தா பக்கம் எழும்பும் புதிய கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு 'லாட்ஜ்' வரைந்து தா என்று முதலாளி சொன்னார். துக்கத்துக்கு வருகிறவர்கள் தங்குவதற்கா என்று கேட்டுவிட்டேன். நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே, வாளியும் குவளையும் கொடுத்து அறை விடும் இடம்தானே! முதலாளிக்கு என் கேள்வி புரியவில்லை. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துப் படம் ஒன்றைக் கணினியில் காட்டினார். வளைவு வாசலை ஒட்டிக் காவலாளி வீடு, அதுதான் லாட்ஜாம்: செங்குத்துக் கூரை, கூர்முனை ஜன்னல், உயர்ந்த புகைபோக்கி.

“இந்த மாதிரி பார்த்திருக்கிறாயா?” என்றார் ஆங்கிலத்தில்.

“இல்லை சார்.”

பொய். அப்படி ஒன்றில்தான் நான் பிறந்தேன். திருச்சியில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன கல்லறைக்கு அப்பா காவலாளி. வாசல் வீடு எங்களுக்கு. அப்பாவுக்குப் பிறகு தம்பி அந்த வேலைக்குப் போனான்; அம்மா இன்னும் அங்கேதான். அது என்ன கட்டடக்கலையோ! வெயிலில் வேகும் ஊரில் குளிர்காய ஒரு கணப்பு; அதற்குள் நாங்கள் விறகு அடுக்கினோம். புகைபோக்கியில் புறாக்கள் குடித்தனம் செய்தன. பள்ளியில் எந்தத் தெரு என்று கேட்டால் பக்கத்துத் தெருவின் பெயரைச் சொல்வேன்.

முதலாளியின் லாட்ஜ் அதையும் மிஞ்சியது. சிமெண்டில் கருங்கல் போலப் பெயிண்ட். ஃபைபரில் வார்த்த புகைபோக்கி, கீழே கணப்புகூடக் கிடையாது. பனி சரிந்து விழ வேண்டிய கூரை, ஜொகூரில்! பின்பக்கம் சமையலறையும் அகலமான ஜன்னலும் போட்டேன். சமையலறையைக் குறுக்கி, ஜன்னலைச் சிவப்பு மையால் அடித்து நீக்கினார். அழகு கெடுமாம். என் வேலை பெர்மிட் புதுப்பிக்கும் மாதம், வாயை மூடிக்கொண்டேன். இங்கிலாந்தையே பார்க்காத இருவர் சேர்ந்து இங்கிலாந்தைக் கட்டி முடித்தோம்.

சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டில் பிறந்த அந்தோணி அங்கே காவலுக்கு வந்தார். மேற்பார்வைக்குப் போனபோது அவர் மனைவி ரீத்தாக்கா பிடித்துக்கொண்டார்.

“அலமாக், அடுப்பு வெச்சா வீடே புகையுது. வெளியில மட்டும் புகைபோக்கி நிக்குது. யாருலா இத வரைஞ்சாங்க?”

“நான்தான்க்கா.”

“இப்படி ஒரு வீட்டுல இருந்து பாத்திருந்தா வரைஞ்சிருக்க மாட்டீங்க.”

“பதினெட்டு வருஷம் இருந்தேன்க்கா. எங்கப்பா கல்லறைக் காவல்காரர்.”

இந்த நாட்டில் முதன்முறையாக அதைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“தெரிஞ்சுமா இப்படிச் செஞ்சீங்க?”

அதுவரை முதலாளியைத்தான் ஏளனம் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் மேஸ்திரியை அழைத்துப்போய், யாரையும் கேட்காமல் பின்சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். முதலாளி இன்னும் பின்பக்கம் போகவில்லை. வாசலைப் படம் எடுக்க வருகிறவர்களும் அங்கே போவதில்லை.

ஜன்னல் வைத்த அன்று மாலை ரீத்தாக்கா கொடுத்த தேநீரோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வீடியோவில் அழைத்தார்.

“வீட்டுக்கு வந்துட்டியாப்பா?”

அவர் தலைக்குப் பின்னால் ஒரு கூர்முனை ஜன்னல். என் தலைக்குப் பின்னாலும் ஒன்று.

“வந்துட்டேம்மா” என்றேன்.