முதலில் கறுப்பு, கடைசியிலும் கறுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. என் கையில் வளையல் இல்லை. மோதிரம் இல்லை. தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளி ஊக்குக் குத்தியிருந்தேன். முகத்தில் மூக்குக் கண்ணாடி, கைகளில் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் உறை, வலது கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். எதிரே பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது என் குட்டிக் கார்.

பதினோரு மணிக்கு அதைப் பார்த்து எடுத்துப் போக ஆள் வருவதாக ஏற்பாடு.

இருங்கள், கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு பழக்கம்தான். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளம் என்றாலும் வீட்டுக்குள் கோயமுத்தூர்ப் பேச்சு. தென்னை, கொஞ்சம் நெல், ஒரு டிராக்டர், ஒரு வீட்டுக்காரர்.

எங்கே போவதென்றாலும் வீட்டுக்காரர்தான் கூட்டிப் போக வேண்டும். "தென்னைக்குத் தண்ணி மாத்திப்போட்டு வந்தர்றேன், நீ கெளம்பி இரு அம்மிணி" என்பார். நான் கிளம்பி இருப்பேன். பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு... கரண்ட் போகும், மோட்டார் நிற்கும், மறுபடி கரண்ட் வரும். அவர் வரும்போது கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணம் தவறினால் பரவாயில்லை. என் பள்ளிக்கூடத் தோழி இறந்த அன்றும் அப்படித்தான் காத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல் வந்த கோபம் எப்போதோ ஆறிவிட்டது. கைப்பையோடு உட்கார்ந்திருந்த என் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷமே டிரைவிங் கற்றுக்கொள்ளப் போனேன். ஐம்பத்தொரு வயது. கேரளத்தில் கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் கம்பிகளுக்கு நடுவே வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி ஆங்கில 'எச்' போட்டுக் காட்ட வேண்டும். இரண்டு தடவை கம்பியை இடித்தேன். மூன்றாவது தடவை போட்டேன். அதற்கப்புறம் வந்தது இந்தக் குட்டிக் கார். எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன் — கேட்டுவிட்டு அல்ல.

அந்தக் கார்தான் மூன்று மாதமாக மக்கர் பண்ணியது. ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கிளம்பாது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உறவுக்காரர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தவறாமல் 'டிக்'.

மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். பானெட்டைத் திறந்தார். ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கையைக்கூட உள்ளே விடவில்லை. "பேட்டரி போயி சேச்சி" என்றார் மலையாளத்தில். போகிற போக்கில், "வேறயும் என்னென்ன போயிருக்கோ!" என்று ஒரு பெருமூச்சையும் விட்டுப் போனார்.

அந்தப் பெருமூச்சு போதாதா எங்கள் வீட்டில்? பெங்களூரில் இருக்கிற மகன் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டான். "அம்மா, அத எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிரலாம். பெரிய வண்டியா வாங்கலாம். அப்பா ஓட்டட்டும், நீங்க பின்னால ஜம்முனு உக்காந்துக்கங்க."

ஜம்மென்று! பின்னால்!

வீட்டுக்காரருக்கும் சம்மதம். "ராசியில்லாத வண்டி அம்மிணி" என்றார். வண்டிக்கு என்ன ராசி, அதுவும் போன வருஷம்தான் புது பேட்டரி போட்ட வண்டிக்கு? கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு எக்ஸ்சேஞ்ச்காரர் வருவார் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் சுலைகாவுக்கு போன் போட்டேன். கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற என் சிநேகிதி. ஆணியிலிருந்து இன்வெர்ட்டர் பேட்டரி வரைக்கும் விற்கிறாள். விற்றதை வீட்டுக்கு வந்து மாட்டியும் கொடுப்பாள்.

"லைட் எரியுதுங்களா அக்கா?"

"பளிச்சுனு எரியுது."

"சாவியத் திருகுனா?"

"டிக்குங்குது. லைட்டும் சேந்து படுத்துக்குது."

"அப்ப பேட்டரி செத்துப்போச்சுன்னு எப்படிங்க சொல்றாங்க? கம்பி புடிக்கற எடத்துல கோளாறு இருந்தாலும் இப்படித்தான் ஆகும். கழட்டிப் பாக்காம வண்டியக் குடுத்துப்போடாதீங்க. காலைல வர்றேன்."

வந்தாள். ஸ்பேனரைப் பெட்டியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அவள் கழற்றப் போகிறாள் என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

"உங்க வண்டிங்க அக்கா. நீங்கதான் கழட்டோணும். நான் பக்கத்துல நிக்கறேன்."

முதல் உத்தரவு, நகையெல்லாம் கழற்று. வளையலோ சங்கிலியோ பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே பட்டுவிட்டால், ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம். தாலிச் சங்கிலி என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறியது. கழற்றவில்லை, உள்ளே போட்டு ஊக்குக் குத்தினேன். இரண்டு பேருக்கும் சமாதானம்.

இரண்டாவது, இன்ஜின் ஆஃப். சாவியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஒரு ஜன்னலையும் இறக்கிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றும்போது சில வண்டிகள் கதவைத் தாமே பூட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, வண்டியோடு வந்த புத்தகத்தைப் படிக்கச் சொன்னாள். அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் பத்திரமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

எல்லாம் தயார். குனிந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பித்தளைத் தட்டோடு வந்து நின்றார். தட்டில் கற்பூரம், கையில் தீப்பெட்டி.

"ஒரு கற்பூரத்தக் காட்டிப்போட்டு ஆரம்பி அம்மிணி..."

"அண்ணே!" சுலைகா போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த காக்கா பறந்தது. "தட்டோட அக்கட்டால போயிருங்க! பேட்டரிகிட்ட நெருப்பே ஆகாதுங்க. அதுலிருந்து வர்ற கேஸு குப்புனு புடிச்சுக்கும்!"

அவர் தட்டோடு போய் வாசல் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, கை கட்டிக்கொண்டு தூர நின்றார்.

மறுபடி குனிந்தேன். இரண்டு முனைகள். ஒன்றில் சிவப்பு உறை, ப்ளஸ். இன்னொன்று கறுப்பு, மைனஸ். எந்தச் சுபகாரியத்தையும் கறுப்பில் ஆரம்பித்துப் பழக்கமில்லையே நமக்கு! ஸ்பேனரைச் சிவப்பில் கொண்டுபோய் வைத்தேன்.

பட்டென்று ஓர் அடி. என் புறங்கையில்.

"மொதல்ல கறுப்புங்க அக்கா!"

ஏன்? சுலைகா சொன்ன விளக்கம் என் மரமண்டைக்கே புரிந்தது. காரின் இரும்பு உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. கறுப்பு மாட்டியிருக்கும்போது சிவப்பைக் கழற்றப் போய் ஸ்பேனரின் வால் பக்கத்து இரும்பில் பட்டால், பொறி பறக்கும். கறுப்பை முதலில் கழற்றிவிட்டால் உடம்புக்கும் பேட்டரிக்கும் உறவு முடிந்தது. அப்புறம் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. மாட்டும்போது நேர் எதிர். முதலில் சிவப்பு, கடைசியில் கறுப்பு.

கறுப்பு நட்டைத் தளர்த்தினேன். கம்பியின் பிடியை மெதுவாக ஆட்டி ஆட்டி மேலே எடுத்து, துணி சுற்றி, பேட்டரியைத் தொடாத தூரத்தில் ஓரமாக ஒதுக்கினேன். அப்புறம் சிவப்பு. பிளாஸ்டிக் உறையைத் தூக்கினால், வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்துக் கிடந்தது. நட்டைத் தளர்த்திப் பிடியை எடுத்தேன்.

உள்ளே, பேட்டரியின் ஈயக் குமிழைச் சுற்றி மஞ்சளாக ஒரு ஓடு. காய்ந்து, வெடித்து, நடுவே சிவப்பாக ஒரு கறை.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். நான் சுலைகாவைப் பார்த்தேன். சுலைகா என்னைப் பார்த்தாள்.

"அக்கா... இது சந்தனமுங்க. மேல குங்குமம்."

மெதுவாகத் திரும்பினேன். வீட்டுக்காரர் தென்னை மரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க..."

"என்ன அம்மிணி."

"ஆயுத பூசைக்கு வண்டியத் தொடச்சது நீங்கதானுங்களே?"

எங்கள் ஊரில் ஆயுத பூஜை தெரியுமல்லவா? டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கிற பம்ப், மிக்ஸி, தையல் மெஷின் — ஒன்று பாக்கியில்லாமல் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். இவர் இன்னும் ஒரு படி மேலே. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

"மேலாப்புல வெச்சா அழிஞ்சு போகுதுன்னு... கழட்டி, சுத்தமாத் தொடச்சு, உள்ள பொட்டு வெச்சு, திருப்பி மாட்டுனேன்" என்றார் சன்னமாக.

அதாவது, கரண்ட் போகிற வழியில் சந்தனத்தால் ஒரு சுவர் கட்டிவிட்டார். மூன்று மாதமாக அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல்தான் என் வண்டி 'டிக்' 'டிக்' என்று முட்டிக்கொண்டிருந்தது. ராசியில்லாத வண்டியாம்!

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. முதலில் சுலைகா சிரித்தாள். அப்புறம் நான். கடைசியில் அவரே.

சிரித்து முடித்தபோது பத்தரை. வேலை பாக்கி இருந்தது.

சந்தனத்தைச் சுரண்டி எடுத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்தேன். பொங்கிப் பொங்கி நுரைத்தது. பேட்டரியின் மூடிகளுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது என்று சுலைகா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சுத்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை துடைத்தேன். பிறகு ஈரமே இல்லாமல் காய்ந்த துணியால். உப்புத்தாளால் குமிழையும் பிடியின் உட்புறத்தையும் லேசாகத் தேய்த்ததும் ஈயம் பளபளத்தது.

சிவப்பை மாட்டி முடுக்கினேன். பிறகு கறுப்பு. தொடும்போது சின்னதாக ஒரு பொறி. நான் துள்ளிவிட்டேன். "அது அப்படித்தானுங்க அக்கா, முடுக்குங்க" என்றாள் சுலைகா. முடுக்கினேன். கையால் ஆட்டிப் பார்த்தால் பிடி அசையக்கூடாது. அதற்காகப் பலம் காட்டி நசுக்கவும் கூடாது. மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினோம். மேலே மட்டும்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். பேட்டரி உப்பியிருந்தால், வெடிப்பு விட்டிருந்தால், ஆசிட் கசிந்தால் கை வைக்காதீர்கள். கரண்டில் ஓடுகிற புது வண்டிகளும் நம் ஸ்பேனருக்கு அப்பாற்பட்டவை. அதெல்லாம் தெரிந்தவர்கள் வேலை.

சீட்டில் உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். இவ்வளவும் செய்தாகிவிட்டது... கிளம்பாவிட்டால்? பின்சீட்டும் ஜம்மென்று உட்காருவதும் கண்முன்னால் வந்து போனது.

திருகினேன்.

'டிக்' இல்லை. ஒரே உறுமல்! வண்டி என்னோடு சேர்ந்து குலுங்கியது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் வண்டிக் கடிகாரம் மட்டும் பன்னிரண்டு என்று காட்டியது, போகட்டும். சுலைகா கை தட்டினாள். நான் ஹாரனை அழுத்தினேன். ஒரு முறை அல்ல... பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து எட்டிப் பார்க்கும் வரைக்கும் அழுத்தினேன். ஐம்பத்துநாலு வயதில் எனக்கே என்னை முத்தமிடத் தோன்றிய காலை அது.

யோசித்துப் பாருங்கள். விசிலடிக்கிற குக்கரைத் தினம் இறக்கி வைக்கிறோம். கொதிக்கிற எண்ணெயில் வடையைத் தட்டிப் போடுகிறோம். சமையலறையில் பண்ணாத சாகசமா? பானெட்டைத் தூக்கியதும் மட்டும் ஏன் நாலடி தள்ளி நிற்கிறோம்? அங்கே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் நம்மைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் நான் கண்டுகொண்டது. ஸ்பேனரைக் கையிலெடுக்காதவரை எல்லாருமே நிபுணர்கள்.

வீட்டுக்காரர் சத்தமில்லாமல் அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிராக்டர் ஷெட் பக்கம் நடந்தார். அதற்கும் அவர்தானே பூஜை போட்டது? நான் எதுவும் கேட்கவில்லை. ஜெயித்தவர்கள் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

சரியாகப் பதினோரு மணிக்கு எக்ஸ்சேஞ்ச்காரர் பைக்கில் வந்து இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். நானும் சுலைகாவும் பக்கத்திலிருக்கிற வேலந்தாவளம் வரை ஒரு ரவுண்டு போகலாமென்று காரைக் கேட்டுக்கு நகர்த்திக்கொண்டிருந்தோம். டிராக்டர் ஷெட்டிலிருந்து வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஜன்னல் இறக்கியே இருந்தது. எல்லாம் காதில் விழுந்தது.

"இந்த வண்டிதானுங்களா சார்?"

"இதேதானுங்க."

"அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரட்டுங்களா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"அது என்ற ஊட்டுக்காரம்மா வண்டிங்க. அவிய குடுக்க மாட்டாங்க" என்று சொல்லிக் கேட்டை அகலத் திறந்துவிட்டார்.

ஆர்.சி. புக்கில் இருப்பது அவர் பெயர்தான். இருந்துவிட்டுப் போகட்டும்!