பிரேக் இல்லாத வண்டி

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றார். எனக்கு வந்ததே கோபம்! 'ஓய்வு வரட்டும், உன் கூடவே இருக்கேன்' என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் என்னை ஏய்த்த மனிதர். "வீட்டுல படுக்கிற பாயைச் சுருட்டி வைக்கத் தெரியல, கடல்ல போய்ப் பாயைச் சுருட்டப் போறீங்களாக்கும்" என்றேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

படகுப் பள்ளியை நடத்தியவள் எங்கள் மகள் வயதுப் பெண். எல்லோரும் அவளைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். முதல் சில மாதம் பக்கத்துத் தீவுகளைச் சுற்றினார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் கிடக்கும் நங்கூரம் மேலிருந்தே தெரியுமாம். மனிதர் வெயிலில் கறுத்து, ஆனால் பத்து வயது குறைந்தவராய் வீடு திரும்புவார். முடிச்சுப் போட்டுப் பழகுகிறேன் என்று சமையலறை நாற்காலிகளை ஒன்றோடொன்று கட்டிப்போடுவார். அவிழ்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வருடக் கடைசியில் கேப்டன் ஆறு நாள் ஆழ்கடல் பயணம் போவதாக இருந்தாள். கரையே கண்ணில் படாத பயணம். அதில் போயே தீருவேன் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஆனால் அதற்கு ஒரு தேர்வு வைத்திருந்தாள். ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மிதவையை எறிவார்கள். திரும்பி வந்து, கைக்கெட்டும் தூரத்தில் படகை நிறுத்தி அதை எடுக்க வேண்டும். மூன்று வாய்ப்பு, அவ்வளவுதான்.

இரண்டு மாதப் பயிற்சியில் இவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. சரியாகத்தான் வருவார். மிதவையை நெருங்கியதும் படகு திடீரென்று வேகமெடுத்து, அதைத் தாண்டிப் போய்விடும். பள்ளியில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின நாள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இது வராது போல" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் நானும் கூடப் போய்ப் படகில் ஏறிக்கொண்டேன்.

முதல் தடவை தாண்டிவிட்டார். இரண்டாவது தடவை நான் மிதவையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். மிதவை நெருங்கியதும் வலது கால் படகுத் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக்! மிதித்த வேகத்தில் உடம்பு பின்னால் சாய்ந்தது, கையில் பிடித்திருந்த, படகைத் திருப்பும் சுக்கான் கட்டையும் கூடவே வந்தது. காற்றுக்கு எதிர்முகமாக நின்று அடங்க வேண்டிய படகு முகத்தைத் திருப்பிக்கொள்ள, பாய் நிறையக் காற்று. நிறுத்துவதற்காக மிதித்த மிதிதான் படகை ஓட வைத்திருக்கிறது.

"என்னங்க, காலை மடிச்சு உட்காருங்க."

"என்னது?"

"சம்மணம் போடுங்கன்னா போடுங்க. உங்க கால் இன்னும் பஸ்ஸுலயே இருக்கு."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பலகை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது தடவை, மிதிக்க இடம் கிடைக்காமல் வலது முட்டி மட்டும் துடித்தது. சுக்கான் கட்டை அசையவில்லை. பாய் படபடத்துத் தளர்ந்தது, படகு மெல்ல மெல்ல அடங்கி மிதவைக்குப் பக்கத்தில் நின்றது. நான்தான் குனிந்து எடுத்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"சார் வர்றாரு" என்றாள் கேப்டன். "ஆனா முறை போட்டு ஓட்ட இன்னும் ஒரு ஆள் குறையுது. நீங்களும் வாங்கம்மா."

"எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. மறக்க வேண்டியது ஒண்ணுமில்ல."

எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கை கொப்பளித்தது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன், ஒரு தடவை கேப்டனையே திட்டினேன். ஆனாலும் கற்றுக்கொண்டேன்.

பயணத்தின் மூன்றாம் நாள் பிற்பகல் என் முறை. நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. "காத்து மாறுது பாரு", "திசைகாட்டியைப் பாரு" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் பேச்சைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். வேறு யார் ஓட்டும் வண்டியிலும் கண்ணை மூடியதே கிடையாது இந்த மனிதர். கல்யாணமான மறுநாள் போன காரில்கூட, என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

கேப்டன் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"சத்தம் போடாதம்மா" என்றேன். "தூங்குறாரு."